பாண், பணிஸ், கேக்: வீட்டில் வைப்பதும் உறைய வைப்பதும் சூடாக்குவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பின் கல்லடியில் வீட்டிலிருந்தபடியே கேக், பணிஸ், பற்றிஸ் செய்து கொடுக்கிறேன். வாங்கிச் செல்பவர்கள் செய்முறையைக் கேட்பது குறைவு. எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது, மறுநாள் எப்படிச் சூடாக்குவது என்பதைத்தான் கேட்கிறார்கள். இவற்றுக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சமையலறையை மனதில் வைத்து எழுதியவை. அங்கே அறை வெப்பம் என்றால் 20 பாகை செல்சியஸ். ஓட்டமாவடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் நம் கரையோர வீடுகளில் அது 30 பாகை. கடலும் வாவியும் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. அதனால் இங்கே பதில்கள் மாறுகின்றன.

பாணை பிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

காய்ந்துபோவதால்தான் பாண் இறுகுகிறது என்று நாம் நினைக்கிறோம். அது முழு உண்மை அல்ல என்பதை 1852இலேயே பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் காட்டிவிட்டார். ஈரம் வெளியேற வழியில்லாதபடி அடைத்து வைத்த பாணும் இறுகியது. சூடாக்கியதும் மறுபடி மென்மையானது. போறணைச் சூட்டில் கோதுமை மாவிலுள்ள மாப்பொருள் நீரை உறிஞ்சி ஊதி இளகுகிறது. ஆறிய பின்னர் அதே மாப்பொருள் சிறிது சிறிதாக ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகத் தொடங்குகிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது பிரிட்ஜின் 4 பாகையில்தான். மேசைமேல் மூடி வைத்த பாண் மறுநாளும் தின்னக்கூடியதாக இருக்க, பிரிட்ஜில் வைத்தது பொருபொருவென்று உதிர்வதற்குக் காரணம் இதுவே. பிரீசரின் –18 பாகையிலோ நீர் உறைந்துவிடுவதால் அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

எனவே இன்றைக்கும் நாளைக் காலைக்கும் வேண்டிய பாண் வெளியே இருக்கட்டும். மிச்சத்தை வாங்கிய அன்றே பிரீசரில் போடுங்கள். பிரிட்ஜின் நடுத்தட்டு மீன், இறைச்சி, கிரீம் சேர்த்தவற்றுக்கு மட்டும்.

பிரீசர் இல்லாத வீட்டில், அடைமழை நாளில், மூன்று நாளைக்குப் பாண் வைத்தே ஆகவேண்டுமா? அப்போது பிரிட்ஜில் வையுங்கள். இறுகும், ஆனால் பூஞ்சணம் பிடிக்கத் தாமதமாகும். வாட்டியே தின்னுங்கள்.

வெளியே வைக்கும் பாணைப் பையில் வைப்பதா, கடதாசியில் வைப்பதா?

இதற்குக் காற்றைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திறந்து கிடக்கும் பாணின் ஈரத்தை அது அரை நாளில் உறிஞ்சிவிடும். அப்போது மூடியுள்ள பெட்டி அல்லது வாய் கட்டிய பை நல்லது. நவம்பர் முதல் ஜனவரி வரை, வாடை மழைக் காலத்தில், நிலைமை தலைகீழ். பைக்குள் வியர்த்து, இரண்டாம் நாளே பச்சைப் புள்ளி தோன்றும். அந்தக் காலத்தில் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, மூடியைச் சற்றுத் திறந்த பெட்டியில் வையுங்கள்.

எந்தக் காலத்திலும் சூடான பாணைப் பையில் போட்டுக் கட்டக் கூடாது. பாண் வண்டியில் வாங்கும்போது பை உள்ளே ஆவி படிந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து ஆறவிடுங்கள். அச்சடித்த பத்திரிகைத் தாளில் பாணைச் சுற்றுவதையும் கைவிட வேண்டும். மை உணவில் ஒட்டும்.

பூஞ்சணம் பிடித்த துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னலாமா?

கூடாது. கண்ணுக்குத் தெரியும் பச்சை அதன் மேற்பகுதி மட்டும்தான். பாண் மென்மையானது, துளைகள் நிறைந்தது. பூஞ்சணத்தின் மெல்லிய நூல்கள் நமக்குத் தெரியாமல் உள்ளே வெகுதூரம் ஓடியிருக்கும். சிலவகைப் பூஞ்சணம் விடும் நஞ்சு வாட்டினாலும் போகாது. வெட்டிய பாண் என்றால் பையோடு எறியுங்கள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கவும் வேண்டாம்.

பாணின் நடுப்பகுதி பிசுபிசுப்பாகி நூல் நூலாக இழுபடுகிறது. அழுகிய அன்னாசி போல வாசனை வருகிறது. ஈஸ்ட் கூடிவிட்டதா?

ஈஸ்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இது ஒரு பக்டீரியாவின் வேலை. மண்ணில் வாழும் அந்தப் பக்டீரியாவின் வித்துகள் கோதுமை மாவோடு வந்துவிடும். போறணை 200 பாகையில் எரிந்தாலும் பாணின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டுவதில்லை. வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். வெந்த பாண் மெதுவாக ஆறி, ஈரத்தோடு 30 பாகைக்கு மேல் கிடந்தால் அவை விழித்துக்கொண்டு பாணைக் கரைக்கத் தொடங்கும். முதலில் இனிப்பான பழ வாசனை, பிறகு பிசுபிசுப்பு, கடைசியில் நூல். நம் பக்கத்து வெயிற்காலத்துக்கே உரிய கேடு இது. குளிர்நாட்டுக் குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதிருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அப்படிப்பட்ட பாணை முழுவதும் எறியுங்கள்; புடிங் செய்து தப்பிக்கப் பார்க்க வேண்டாம். பாண் பெட்டி, வெட்டும் பலகை, கத்தி, அச்சு எல்லாவற்றையும் கழுவி, வினாகிரி தொட்ட துணியால் துடைத்து, வெயிலில் காயவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாணிலும் வரும்.

வீட்டில் பாண் சுடுபவர்கள் செய்யக்கூடியது இரண்டு. வெந்தவுடன் அச்சிலிருந்து எடுத்து, அடியிலும் காற்றுப் படும்படி கம்பித் தட்டில் வைத்து விரைவாக ஆறவிடுவது ஒன்று. வெயிற்காலத்தில் ஒரு கிலோ மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்துக் குழைப்பது மற்றது. புளிப்பு இருக்கும் இடத்தில் அந்தப் பக்டீரியா வளரத் திணறும். அந்த அளவு நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது.

பாணைப் பிரீசரில் எப்படி வைப்பது?

வாங்கிய அன்றே, முழுவதும் ஆறிய பின்னர் வையுங்கள். மூன்று நாள் மேசையில் கிடந்து இறுகிய பாணை உறைய வைத்தால், வெளியே எடுக்கும்போதும் இறுகிய பாணே கிடைக்கும்.

ஓர் இறாத்தல் பாணை அப்படியே போடாதீர்கள். துண்டுகளாக வெட்டி, உங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவை ஒரு கட்டாக்குங்கள். நான்கு துண்டு வேண்டிய காலையில் முழுப் பாணையும் உருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கட்டையும் மெல்லிய பொலித்தீனில் உடலோடு ஒட்டும்படி சுற்றி, பிறகு தடித்த பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். காற்று இருந்தால் பாணிலுள்ள பனி நேரடியாக ஆவியாகிப் பையின் உட்புறத்தில் படியும்; பாண் வெளுத்து வறண்டு சக்கையாகும். பையில் திகதி எழுதுங்கள்.

இங்கே நமக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வீடுகளில் பிரீசர் என்பது மீனுக்கும் இறாலுக்கும் சொந்தமானது. பாணும் கேக்கும் வாசனையைக் குடிக்கும் பொருட்கள். இறால் பொதிக்குப் பக்கத்தில் ஒரு வாரம் கிடந்த பட்டர் கேக்கை யாரும் தின்ன மாட்டார்கள். இரட்டைச் சுற்றல் போதாது. இறுக மூடும் பெட்டி ஒன்றை மா உணவுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அது மேல்தட்டில் இருக்கட்டும், மீன் கீழே. மின்சாரம் நின்று மீன் உருகினாலும் அதன் நீர் பாணில் சொட்டாது.

எவ்வளவு காலம் வைக்கலாம்?

–18 பாகையில் கிருமி வளராது, கெடுவது சுவைதான். பாண், வெறும் பணிஸ் இரண்டு மாதம். ஐசிங் இல்லாத கேக் மூன்று மாதம். மீன், இறைச்சி வைத்தவற்றை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பிரிட்ஜுக்கு உள்ளேயே சிறிய அறையாக இருக்கும் பழைய வகைப் பிரீசர்கள் பல –18 பாகையை எட்டுவதில்லை. அவற்றில் எல்லாவற்றையும் பாதிக் காலமாகக் கணக்கிடுங்கள்.

உருக வைப்பது எப்படி?

பையைத் திறக்காமல் மேசையில் வையுங்கள். நம் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பொருளில் உடனே படியும். பை மூடியிருந்தால் அந்த நீர் பையின் வெளிப்புறத்தில் நிற்கும். திறந்திருந்தால் கேக்கின் மேல்தோலை ஊறவைத்துவிடும். பாண் துண்டுகளுக்கு உருகும் நேரமே தேவையில்லை. உறைந்தபடியே தோசைக்கல்லிலோ டோஸ்டரிலோ போடலாம். மீன், இறைச்சி, கிரீம் உள்ளவை மட்டும் பிரிட்ஜுக்குள் வைத்து உருக வேண்டும்.

வீட்டில் ஓவன் இல்லை. பழைய பணிஸை எப்படிப் புதிதாக்குவது?

ஓவன் தேவையே இல்லை. இறுகிய மாப்பொருள் 60 பாகையைத் தாண்டியதும் மறுபடி இளகும். அந்தச் சூடும் சிறிது ஈரமும் கிடைத்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஆவி. பிட்டு அவிக்கும் பானையில் நீர் கொதித்ததும் நீற்றுப்பெட்டியில் பணிஸை வைத்து மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். மூடியின் உட்புறத்தில் ஒரு துணியைக் கட்டினால் நீர் சொட்டாது. சீனிப் பணிஸ், முக்கோணப் பணிஸ், பாண் துண்டு எல்லாம் அன்று வெந்தது போல மென்மையாகும். இடியப்பத் தட்டிலும் செய்யலாம். மேல்தோல் மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய றோஸ் பாணுக்கு இது பொருந்தாது. அதற்குத் தாச்சியைச் சிறுதீயில் வைத்து, ஓரத்தில் சில துளி நீர் தெளித்து, மூடி இரண்டு நிமிடம், பிறகு மூடாமல் ஒரு நிமிடம்.

ஓவன் உள்ளவர்கள் பாணின் மேல் நீரைத் தடவி, அலுமினியத் தாளில் சுற்றி, 180 பாகையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்து, கடைசி மூன்று நிமிடம் தாளைத் திறந்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் தின்னும் அளவை மட்டும் சூடாக்குங்கள். இப்படித் திரும்பி வரும் மென்மை சிறிது நேரத்துக்குத்தான். ஆறியதும் முன்பைவிட வேகமாக இறுகும்.

மைக்ரோவேவில் சூடாக்கினால் பணிஸ் ஏன் ரப்பராகிறது?

நேரம் கூடிவிடுவதால். மைக்ரோவேவ் பணிஸிலுள்ள நீரைக் கொதிக்க வைத்து ஆவியாகத் துரத்திவிடுகிறது. மிஞ்சுவது வறண்டு இழுபடும் மா. ஈரமான துணியில் சுற்றி, பத்து நொடி. போதாவிட்டால் இன்னும் ஐந்து நொடி. அலுமினியத் தாளை உள்ளே வைக்க வேண்டாம். பற்றிஸுக்கும் பேஸ்ட்ரிக்கும் மைக்ரோவேவ் ஆகவே ஆகாது. அடுக்குகள் நனைந்து சவசவத்துப்போகும். ஓவனில் 180 பாகையில் எட்டு நிமிடம், இல்லையென்றால் மூடாத தாச்சியில் சிறுதீ.

காலையில் வாங்கிய மீன் பணிஸை மாலைத் தேநீருக்கு மேசையிலேயே வைத்திருக்கலாமா?

நம் வீடுகளில் இது பழகிப்போன வழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். சமைத்த மீன், இறைச்சி, முட்டை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 பாகையைத் தாண்டிய நாளில் அது ஒரு மணித்தியாலமாகக் குறையும். நமக்குச் சித்திரை முதல் ஆவணி வரை அநேகமாக எல்லா நாளும் அப்படிப்பட்ட நாளே.

"நன்றாகச் சூடாக்கித்தானே தின்கிறோம்" என்று சொல்வார்கள். சூடு கிருமியைக் கொல்லும். ஆனால் சில கிருமிகள் ஏற்கெனவே விட்டுவிட்ட நஞ்சு சூட்டில் அழியாது. சூரை மீன் வெயிலில் கிடந்தால் உண்டாகும் ஹிஸ்டமினும் அப்படித்தான். சமைத்தாலும், உறைய வைத்தாலும், மறுபடி சூடாக்கினாலும் அது அப்படியே இருக்கும். ஆகவே உள்ளீட்டுக்கு வாங்கும் மீனும் ஐஸில் இருந்ததாக இருக்க வேண்டும்.

வாங்கி வந்ததும் பிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாளுக்குள் முடியுங்கள். பணிஸின் மா சற்று இறுகும். அதைச் சூடு சரிசெய்துவிடும். நடுப்பகுதி 74 பாகைக்குப் போகும்வரை, அதாவது பிளந்து பார்த்தால் உள்ளீட்டிலிருந்து ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.

நோன்புக்கு முன்பே றோல்ஸ், சமோசா, கட்லட் செய்து வைக்க வேண்டும். பொரித்து வைப்பதா, பொரிக்காமல் வைப்பதா?

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் பல வீடுகளில் தலைநோன்புக்கு முந்திய வாரமே இந்த வேலை தொடங்கிவிடும். பொரிக்காமல் வைப்பதே நல்லது. பொரித்ததை உறைய வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் மேல்தோலுக்கு ஏறி மொறுமொறுப்பு போய்விடும்.

உள்ளீட்டை முழுவதும் ஆறவிட்டுச் சுற்றுங்கள். சூட்டோடு சுற்றினால் ஆவி உள்ளே நீராகி, பொரிக்கும்போது றோல்ஸ் வெடிக்கும். பாண் தூளில் புரட்டி, ஒன்றோடொன்று தொடாதபடி தட்டில் பரப்பி, பிரீசரில் கல்லாகும்வரை வைத்து, அதன் பிறகே பையில் சேருங்கள். அப்போது எத்தனை வேண்டுமோ அத்தனையைத் தனித்தனியாக எடுக்கலாம்.

உருகவிடாமல் நேராக எண்ணெயில் போடுங்கள். தாச்சி நிறையப் போட்டால் எண்ணெய் குளிர்ந்து தோல் எண்ணெய் குடிக்கும், நடுப்பகுதி பனியாகவே நிற்கும். நான்கு ஐந்தாக, நடுத்தரத் தீயில் பொரியுங்கள். முதல் றோல்ஸை வெட்டி உள்ளே சூடேறிவிட்டதா என்று பார்த்த பிறகு மற்றவற்றைப் போடுங்கள்.

அவித்த முட்டை வைத்த றோல்ஸை மட்டும் உறைய வைக்காதீர்கள், வெள்ளைக்கரு ரப்பராகும். உருளைக்கிழங்கைத் துண்டாக வைத்தால் உருகும்போது நீர் விடும். மசித்து வைத்தால் தொல்லையில்லை.

பிறந்தநாள் கேக்கை எங்கே வைப்பது?

மேலே என்ன பூசியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பால் கிரீம் என்றால் வெட்டும் நேரம் வரை பிரிட்ஜ்தான், பேச்சுக்கே இடமில்லை. பட்டர் ஐசிங் 32 பாகையில் இளகி வழியத் தொடங்கும்; அதுவும் பிரிட்ஜில் இருக்கட்டும். ஆனால் பரிமாறுவதற்கு முக்கால் மணித்தியாலம் முன்பு வெளியே எடுங்கள். குளிர்ந்த பட்டர் கேக் வாயில் மெழுகு போல ஒட்டும், கேக்கைக் குறை சொல்வார்கள். சீனிப் பாகு மாவால் மூடிய கேக் பிரிட்ஜிலிருந்து வெளியே வந்ததும் வியர்த்து நிறம் ஓடும். அதை அட்டைப் பெட்டியோடு குளிர்ந்த அறையில் வைத்து அன்றே வெட்டுங்கள்.

பூச்சு எதுவும் இல்லாத பட்டர் கேக் மூடிய டின்னில் வெயிற்காலத்தில் மூன்று நாள் நிற்கும். அதற்கு மேல் வேண்டுமானால் துண்டாக வெட்டிப் பிரீசரில்.

லவ் கேக்கும் ரிச் கேக்கும் இத்தனை நாள் எப்படிக் கெடாமல் இருக்கின்றன?

சீனியால். மட்டக்களப்பின் பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் லவ் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரவை, முந்திரிப்பருப்பு, முட்டை, பூசணித் தோசி, தேன், பன்னீர், நிறையச் சீனி. உள்ளே ஈரம் இருக்கிறது. ஆனால் சீனி அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்கு எட்டுவதில்லை. எண்ணெய்த் தாளில் சுற்றி டின்னில் அடைத்தால் இரண்டு வாரம் வெளியே நிற்கும். பிராண்டியில் ஊறிய ரிச் கேக் மாதக்கணக்கில் நிற்கும், நாளாக நாளாகச் சுவையும் கூடும். மதுபானம் சேர்க்காமல் பழச்சாற்றில் ஊறவைத்துச் செய்யும் ரிச் கேக்குக்கு அந்தக் காவல் இல்லை. அதை ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதானால் பிரீசரில் வையுங்கள்.

கொழும்புக்கு இரவு ரயிலில் கொண்டுபோவதற்கு இவை இரண்டையும் மிஞ்சிய கேக் இல்லை. கிரீம் கேக்கைத் தயவுசெய்து அந்தப் பயணத்தில் ஏற்றாதீர்கள்.

மின்வெட்டு வந்தால் பிரீசரிலுள்ளதை என்ன செய்வது?

முதலில் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த பிரீசர் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய 48 மணித்தியாலம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24. பிரிட்ஜுக்கு 4 மணித்தியாலம் மட்டுமே. 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோதும் திறக்காத பிரீசர்கள் தாங்கியிருக்கும். வாடைக் காலம் தொடங்குமுன் வெற்றிடங்களில் நீர்ப் போத்தல்களை வைத்து உறைய விடுங்கள். அவை குளிரைச் சேமித்து வைக்கும்.

மின்சாரம் வந்த பின் தொட்டுப் பாருங்கள். பனித்துகள் இன்னும் இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி உறைய விடலாம். வெறும் பாணும் ஐசிங் இல்லாத கேக்கும் முழுவதும் உருகியிருந்தாலும் ஆபத்தில்லை. மறுபடி உறைய வைத்தால் சற்று வறளும், அவ்வளவே. மீன், இறைச்சி, கிரீம் உள்ளவை உருகி, குளிரும் போய்விட்டிருந்தால் எறிந்துவிடுங்கள்.

பிஸ்கட் நனைந்து போய்விட்டது.

150 பாகை ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து, முழுவதும் ஆறவிட்டு, டின்னில் அடையுங்கள். பிஸ்கட்டையும் கேக்கையும் ஒரே டின்னில் வைக்காதீர்கள். கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய்விடும், இரண்டும் கெடும். எறும்புக்கு, நீர் ஊற்றிய தட்டின் நடுவே டின்னை வைத்தால் போதும்.

இறுகிப்போன பாணை எறிய மனம் வரவில்லை. வேறு என்ன செய்யலாம்?

பூஞ்சணமும் பழ வாசனையும் இல்லாத பாண் என்றால் பாண் தூள் செய்யுங்கள். கச்சான் வெயிலில் துண்டுகளைச் சுளகில் பரப்பி, மேலே வலைத்துணி மூடி, ஒடித்தால் முறியும்வரை காயவையுங்கள். மழைக்காலத்தில் 120 பாகை ஓவனில் அல்லது தாச்சியில் சிறுதீயில் காயவைக்கலாம். அம்மியிலோ மிக்ஸியிலோ தூளாக்கி, காற்றுப் புகாத போத்தலில் அடையுங்கள். வெளியே ஒரு மாதம், பிரீசரில் நான்கு மாதம். கடைத் தூளைவிட இதில் புரட்டிய கட்லட் நன்றாகச் சிவக்கும். ஈரம் கொஞ்சமேனும் மிஞ்சினால் போத்தலுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்; ஆகவே தூளாக்கிய பிறகும் ஒருமுறை சூடான தாச்சியில் புரட்டி ஆறவிட்டு அடைப்பது நல்லது.